மெழுகுத்தாளும் தமிழ்ப் புள்ளியும்

தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல், செம்பு, ஓலை, ஈய அச்சு, கணினி என வரிசைப்படுத்திக் கூறுவது வழக்கமாகிவிட்டது. இவ்வரிசையில் ஈய அச்சுக்கும் கணினிக்கும் நடுவே நெடுங்காலம் நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஜமாஅத் அறைகளிலும் உழைத்த ஒரு பொருளுக்கு இடமில்லை. அதுதான் ஸ்டென்சில் தாள். சைக்கிளோஸ்டைல் என்று நம் ஊரிலும், ரோனியோ என்று இலங்கைத் தமிழரிடையேயும், உருட்டச்சு என்று தனித்தமிழ் அன்பர்களிடையேயும் வழங்கிய படிப்பெருக்கும் முறைக்கு அத்தாளே உயிர். 1990களில் பள்ளியில் பயின்ற என்போன்றோர்க்கு அது காலாண்டுத் தேர்வு வினாத்தாளின் மை மணமாக நினைவிலிருக்கும். இன்றைய மாணவர்க்கு அந்த மணமும் இல்லை.

சைக்கிளோஸ்டைல் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தமிழாசிரியர்க்கு வியப்பு ஏற்படும். முற்பகுதி சக்கரம், பிற்பகுதி எழுத்தாணி. ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் குடியேறிய டேவிட் ஜெஸ்டெட்னர் 1881இல் காப்புரிமை பெற்ற கருவி, முனையில் சிறு பற்சக்கரம் பொருத்திய ஓர் எழுத்தாணியே. மெழுகு பூசிய மெல்லிய தாளின்மேல் அதை ஓட்டினால், கோடு செல்லும் வழியெங்கும் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் விழும். அத்தாளின்மேல் மையை உருட்டினால், துளை வழியே கசிந்த மை கீழுள்ள வெற்றுத்தாளில் எழுத்தாகப் படியும். இதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1876இல், எடிசன் மின்கலத்தால் இயங்கும் ஊசிப்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வழியில் வந்த பொறியைச் சிக்காகோவின் ஏ.பி.டிக் நிறுவனம் 1887இல் மிமியோகிராப் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஜெஸ்டெட்னர் தம் இளமையில் சிக்காகோ நகரத் தெருக்களில் ஜப்பானியப் பட்டங்களை விற்றபோது, அப்பட்டத்தாளின் நீண்ட நார்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன என்பர். மெல்லியதாயினும் கிழியாத தாள்தானே இத்தொழிலுக்கு அடிப்படை!

ஜப்பானியரோ 1894இல் ஹொரி சின்ஜிரோ என்பார் வழியாகத் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டனர். அரம் போன்று வரிவெட்டிய இரும்புப் பலகைமேல் மெழுகுத்தாளை வைத்து எழுத்தாணியால் எழுதினர். எழுதும்போது எழும் 'கரி கரி' என்ற ஓசையைக் கொண்டே அதற்குக் கரிபன் என்ற பெயர் வழங்கிற்று. ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் கொண்ட ஒரு மொழிக்குத் தட்டச்சுப் பொறி எளிதில் அமையாது; கையும் மெழுகுத்தாளும் போதுமானவையாயின. இச்செய்தியை ஒரு காரணம் பற்றியே இங்குக் குறிக்கின்றேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தாளின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதை அறிந்தோர் தொகை குறைந்து வருகின்றது. ஸ்டென்சில் என்பது தனித்தாள் அன்று. மேலே மெழுகோ அதை ஒத்த பூச்சோ ஏறிய நார்த்தாள். இடையே ஒரு மெத்தைத்தாள் அல்லது கார்பன். அடியில் தடித்த தாங்குதாள். மேல்விளிம்பில், உருளையின் கொக்கிகளில் மாட்டுவதற்கான துளைகள். மேல்தாளின் முகத்திலேயே ஓரக்கோடுகளும், வரி எண்களும், புல்ஸ்கேப் அளவு முடியும் இடமும் அச்சிடப்பட்டிருக்கும். அக்கோட்டைத் தாண்டித் தட்டியது படியில் விழாது. தட்டச்சர் முதலில் எழுத்துகளைத் தூரிகையால் துடைத்து, நாடாவை விலக்கும் நெம்பியைத் திருப்பி, அதன்பின்னரே தாளை ஏற்றுவார். நாடா விலகியதால் ஈயெழுத்தாய் எதுவும் கறுத்துத் தெரியாது; தாளில் வெளிறிய தடம் மட்டுமே விழும். தாம் தட்டியதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்தே படிக்க வேண்டும். பிழை நேர்ந்தால் திருத்துநீரைத் தடவி, உலரும்வரை காத்திருந்து, மெதுவாக மீண்டும் தட்ட வேண்டும். பத்தி முழுவதும் பிழையென்றால் அப்பகுதியை வெட்டி நீக்கி, வேறு தாளில் தட்டிய துண்டை அத்திருத்துநீரைக்கொண்டே ஒட்டுவர். ஒட்டுமாங்கன்று கட்டுவதுபோல என்று தக்கலையைச் சார்ந்த ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர் எனக்கு விளக்கினார்.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்கென வகுத்த தாளில் தமிழைப் பொறிப்பது தனிக்கலை. ஆங்கிலத்தில் 'ஓ' என்ற வட்ட எழுத்தைச் சற்று வலிந்து தட்டினால் நடுவட்டம் அறுந்து விழும். படியில் எழுத்துக்குப் பதில் கரும்பொட்டு தோன்றும். தமிழிலோ சுழிகளுக்குப் பஞ்சமில்லை. ணகரத்தின் சுழிகள், வகரத்தின் சுழி, இவற்றினும் மிகுதியாய் வரும் எகர ஏகாரக் கொம்புகளின் சுழி எல்லாம் அறுந்து விழக் காத்திருப்பவை. மேலெழும் விலங்கும் கீழிறங்கும் கூட்டும் வரிகளுக்கிடையே மோதுமாதலால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். ஒன்றரைப் பக்கமென்றால் இரண்டாவது ஸ்டென்சில் வேண்டும். அதற்குரிய செலவைக் கருதியே பல சுற்றறிக்கைகள் சுருங்கின. சொற்சிக்கனத்தை நன்னூல் கற்பித்ததோ இல்லையோ, ஸ்டென்சில் விலை கற்பித்தது.

எல்லாவற்றினும் பெரிய இடர் புள்ளி. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் மெய்யெழுத்துக்குரிய புள்ளியை முதலில் தட்டுவர். அப்போது வண்டி நகராது. பின்னர் எழுத்தைத் தட்டினால் அதன் தலையில் புள்ளி அமையும். (சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வழிகண்டவர் என்பதை மாணவர் நினைவிற்கொள்க.) கூரிய அந்தப் புள்ளி மெழுகுத்தாளை ஊசிபோல் துளைத்துவிடும். துளை பெரிதாயின் மை வழிந்து எழுத்தின் தலையில் குடுமி கட்டும். விரலின் வலு குறைந்தாலோ புள்ளியே விழாது. 'கல்' என்பது 'கல' என்றாகும். கையால் எழுதுவோர்க்கும் இதே தொல்லை. புள்ளியை வட்டமாக இட்டால் நடு அறும். குத்தாக இட்டால் தாள் கிழியும். தேர்ந்த கைகள் புள்ளியைக் குத்தாமல், வட்டமும் இடாமல், நெல்முனையளவு சிறு கீற்றாக இழுத்தன. என்னிடமுள்ள பழைய படிகளில் இக்கீற்றைப் பலமுறை கண்டுள்ளேன்.

இவ்விடத்தில் ஓலைச்சுவடியை நினையாதிருக்க இயலுமோ? மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியுண்டு என்று தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலையில் புள்ளி குத்தினால் நார் கிழியும் என்று எழுதுவோர் அதை விடுத்தனர். அதனால் எகரமோ ஏகாரமோ என்று தெளியாமல் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் அறிவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தும் வடிவத்தை வகுத்ததும் இத்தொல்லையின் பொருட்டே. அச்சு வந்ததும் புள்ளி நிலைபெற்றது. பின்னர் அலுவலகத்தில் மெழுகுத்தாள் நுழைய, எழுத்தாணியும் திரும்பிற்று. எழுத்தாணியோடு புள்ளித் தொல்லையும் திரும்பிற்று. மையால் மேற்பூச்சாக எழுதுவது ஒன்று. பொருளின் உடலில் கீறி எழுதுவது மற்றொன்று. தமிழர் கை கீறி எழுதிய கடைசிப் பொருள் ஸ்டென்சில் தாளே என்பது என் கருத்து. பனை மிகுந்த நம் மாவட்டம் இவ்வுறவை மற்றவரினும் எளிதில் உணரும். பாண்டிநாட்டில் வழக்கிழந்த பின்னும் வட்டெழுத்தை நெடுநாள் போற்றிய திருவிதாங்கூர்ப் பகுதியல்லவா இது!

நம் சமுதாயத்தாருக்கு இதில் மேலும் ஒரு தொடர்புண்டு. அரபுத்தமிழ் நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வெளிவந்தன. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு ஆக்கிய வடிவங்களுக்கு வார்ப்பெழுத்து அரிதாயிருந்தமை அதற்கொரு காரணம். கல்லில் நேரே எழுதுவதாயின் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். அன்றேல் மாற்றுத்தாள் வேண்டும். ஸ்டென்சிலுக்கு அவ்விரண்டும் தேவையில்லை. வலமிருந்து இடமோ இடமிருந்து வலமோ, கை எழுதியது எழுதியவாறே வரும். ஆகவே அரபும் தமிழும் ஒரே பக்கத்தில் வேண்டிய மதரஸா வினாத்தாளுக்கும் ஓத்துப்பள்ளிப் பாடத்தாளுக்கும் இதைவிட ஏற்ற கருவி அன்று இல்லை. ஆனால் புள்ளித் தொல்லை இங்கே மும்மடங்கு. கீழே ஒரு புள்ளியென்றால் ஓர் எழுத்து. மேலே இரண்டென்றால் வேறோர் எழுத்து. மூன்றென்றால் இன்னுமோர் எழுத்து. இறைவேதத்தின் சொல்லில் ஒரு புள்ளி பெருகினாலும் குறைந்தாலும் பொறுக்கலாகாது. ஆதலின் தாளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, கீழே விளக்கேற்றி, எழுதிய ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பின்னரே உருளையில் ஏற்றினார்கள் என்று மூத்த ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

'அலுவலகக் குப்பையை இலக்கியமாக்க முயல்கின்றீரே' என்று நண்பர் ஒருவர் நகையாடினார். அவருக்கு நான் சுட்டியது அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை. நிலம், வரி, அடிமை விற்பனை என அன்றாட நடப்பைக் குறித்த ஓலைகளே அவை. எழுதியவர் எவரும் வரலாறு எழுதுகின்றோம் என்று கருதவில்லை. இன்று நாஞ்சில் நாட்டின் சமூக வரலாற்றை எழுத முனைவோர் அவற்றைத் தொடாமல் நகர முடியாது. ஓலை குப்பையன்று, உருட்டச்சுத்தாள் மட்டும் குப்பை என்பது எந்த நியாயம்?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து இம்மாவட்டம் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் நிறைவேறிற்று. அதுவரை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கோப்புகளைக் கண்ட எழுத்தர்கள் மெல்ல மெல்லத் தமிழில் எழுதப் பழகினர். ஆணையைச் சட்டநூலில் காணலாம். ஆனால் அத்தமிழ் எப்படித் தடுமாறி, எப்படி நிமிர்ந்தது என்பதைச் சுற்றறிக்கைகளில்தான் காண முடியும். எந்த ஆங்கிலச் சொல்லை எந்த ஆண்டில் விட்டார்கள், எந்த மலையாள வழக்கு எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்தது என்பவற்றுக்கு அச்சு நூல்களில் விடையில்லை. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் கையால் எழுதிய ஸ்டென்சில்களில், ஒரே பக்கத்தில் மேல்வரியில் பழைய துதிக்கை லையும் கீழ்வரியில் புதிய லையும் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கையின் பழக்கம் மாறும் தருணம் அது. கணினி எழுத்துருவில் அத்தடுமாற்றத்திற்கு வாய்ப்பேயில்லை.

அரசுக்கு வெளியேயும் இத்தாளுக்கு வரலாறு உண்டு. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது நவஜீவன் அச்சகம் பறிமுதலாயிற்று. காந்தியடிகளின் யங் இந்தியா அதன்பின் சைக்கிளோஸ்டைல் படியாக வெளிவந்தது. அவ்விதழை அக்காலத்தில் நடத்தியவர்களுள் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் ஒருவர். 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்திலும் தணிக்கைக்கு அகப்படாத செய்திகள் இவ்வாறே கைமாறின. அச்சகத்தை முத்திரையிடலாம், மேசைமேல் நிற்கும் உருளைப் பொறியை எங்கெங்கே தேடுவது? சங்கங்கள், கல்லூரி மாணவர், நூலக வாசகர் வட்டம் என அச்சுக்கூலி கொடுக்க இயலாதோர்க்கெல்லாம் இதுவே அச்சகம். ஒரு நல்ல ஸ்டென்சில் ஆயிரம் படிகளைக்கூடத் தரும். நூறு படிகளே போதுமென்றால், பயன்படுத்திய தாளைப் பழைய நாளிதழ்த் தாள்களுக்கிடையே அழுத்தி மையை உறிஞ்சவிட்டு, அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைப்பர்.

நகலெடுக்கும் பொறிகள் பெருகவே, இத்தொழில் தளர்ந்தது. ஜெஸ்டெட்னர் நிறுவனமே 1990களின் நடுவில் ஜப்பானிய ரிக்கோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. வெப்பத்தால் தானே துளையிட்டுக்கொள்ளும் புதுவகைத் தாளோடு ரிசோகிராப் போன்ற பொறிகள் வந்தன. அவற்றில் துளை உண்டு, மை உண்டு, கை இல்லை. இதற்காக நான் வருந்தவில்லை. மழைக்காலத்தில் தாள் நமுத்து இரண்டிரண்டாக உருளைக்குள் ஏறியதையும், கோடையில் மெழுகு இளகியதையும், மேலங்கியெல்லாம் மையானதையும் நினைக்கும் எழுத்தர் எவரும் அக்காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டார். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அவ்வேலை இரட்டிப்புத் துன்பம்.

என் கவலை படிகளைப் பற்றியது. மையை உறிஞ்சுவதற்கென்றே செய்த மலிவான தாள் அது. நாள் செல்லச் செல்லப் பழுக்கும். மடித்த இடத்தில் ஒடியும். மையிலுள்ள எண்ணெய் எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையமாகப் பரவும். பனையோலை முந்நூறு ஆண்டுகள் தாங்கியதை இத்தாள் நூறாண்டுகூடத் தாங்காது. ஒரு நிறுவனத்தில் இட நெருக்கடி என்று கூறிப் பழைய உருட்டச்சுக் கட்டுகளை எடைக்குப் போட்டதை நான் அறிவேன். நூல் என்றால் பட்டியல் எண் உண்டு. கோப்பு என்றால் பதிவேடு உண்டு. இரண்டிலும் சேராத இவற்றைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனியொருவர் தொகுப்பிலிருந்து எழுந்ததென்பதை அறிவோம். இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் நூலகம் என்ற பெயரிலேயே மின்னூலகம் நடத்திச் சிறு வெளியீடுகளையும் சேர்த்துவருகின்றனர். ஜப்பானில், முன்னர்க் குறித்த ஹொரியின் குடும்ப வீட்டையே ஷிகா மாநிலத்தில் கரிபன் காட்சியகமாக்கியுள்ளனர். அவர்கள் கருவியையும் கைத்திறனையும் சேர்த்தே காக்கின்றனர். கருவியைப் போற்ற நமக்கு வசதியில்லையெனினும் தாளையாவது காக்கலாமே.

தாளினும் விரைவில் மறைவது ஒன்றுண்டு. கையெழுத்தை இனங்காணும் கண்தான் அது. 'இது இன்னார் எழுதிய ஸ்டென்சில். இந்தக் கீற்றுப் புள்ளி அவருடையது' என்று சொல்லவல்லவர்கள் இன்று எழுபதைக் கடந்தோர். பெயரும் தேதியும் இல்லாத ஒரு படியைப் பொருளுள்ள ஆவணமாக்குவது அவர்கள் சொல்லும் ஒரு வரியே. ஆகையால் தாளைச் சேர்ப்பதும் மூத்தோர் சொல்லைப் பதிவு செய்வதும் ஒரே நாளில் நடக்க வேண்டிய வேலைகள். நம் தமிழ்த்துறை மாணவர்க்கு ஆண்டுதோறும் களப்பணி உண்டு. நாட்டார் பாடலும் பழமொழியும் தொகுத்த நோட்டுகள் துறையில் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுள் பல ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பதை ஆசிரியர்களும் அறிவர், மாணவர்களும் அறிவர். அதற்கு மாறாக, ஓராண்டுக்கேனும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் ஒரு தட்டச்சரையோ பள்ளி எழுத்தரையோ மதரஸா ஆசிரியரையோ கண்டு, அவர் பெட்டியிலுள்ள படிகளைப் பார்த்து எழுதி வந்தால், இம்மாவட்டத்தின் முதல் உருட்டச்சு அட்டவணை நம் துறையிலிருந்து வெளிவரும்.

அட்டவணையில் பெரிதாக ஒன்றும் வேண்டா. தலைப்பு, ஆண்டு, ஊர், கையெழுத்தா தட்டச்சா, எத்தனை பக்கம், எழுதியவர் அல்லது தட்டியவர் பெயர், அதைக் கூறியவர் பெயர். வீட்டார் தாளைத் தர விரும்பாவிடில் வற்புறுத்தாமல் கைபேசியிலேயே தெளிவாகப் படமெடுத்துவரலாம். தருவதாயின், படிகளை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே வெற்றுத்தாள் இட்டுக் கொண்டுவர வேண்டும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக அகற்றிவிடலாம். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டலாகாது. பழைய ஸ்டென்சில் தாளே எங்கேனும் நாளிதழுக்கிடையே கிடைக்குமாயின், அதைப் பிரிக்க முயலாமல் நாளிதழோடு சேர்த்தே கொண்டுவருக. அந்நாளிதழின் தேதியும் நமக்கு வேண்டும்.